ஆன்லைன் டெமோவில் கால்அவுட், வீடியோ, குரல் சேர்ப்பது எப்படி? குலசேகரத்து ரப்பர் பால் கடையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் பால் கடை. காலை வெட்டு முடிந்து கேன் கேனாகப் பால் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். கடைக்காரர் ஒரு கண்ணைத் தராசில் வைத்துக்கொண்டே, நாங்கள் அனுப்பிய பில்லிங் ஆப்பின் டெமோவைப் போனில் தட்டிக்கொண்டு போனார். நான்காவது திரையில் கட்டைவிரல் நின்றுவிட்டது. "தம்பி, இதில டி.ஆர்.சி. எங்கயாக்கும் போடணும்?" என்று கேட்டார். டி.ஆர்.சி. என்றால் பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்ற அளவு. அதை எங்கே போட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு அந்தத் திரையிலேயே இருந்தது. ஆனால் அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நான் டெமோ செய்யும் முறையே மாறிவிட்டது. திரையில் என்னென்ன வசதி இருக்கிறது என்பதிலிருந்து நான் இப்போது தொடங்குவதில்லை. பார்க்கிறவரின் கை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்து, அந்த இடத்தில்தான் குறிப்பு வைக்கிறேன். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பழக்கத்தின் விரிவுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சிறிய அளவில் சாஃப்ட்வேர் செய்து விற்பவர்களையும், தங்கள் பொருளை இணையத்தில் காட்ட விரும்பும் கடைக்காரர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்டராக்டிவ் டெமோ என்பது வீடியோ அல்ல. வீடியோ தானாக ஓடும், நாம் உட்கார்ந்து பார்ப்போம். இன்டராக்டிவ் டெமோவில் ஆப்பின் திரைகள் வரிசையாக இருக்கும், பார்க்கிறவர் தட்டினால்தான் அடுத்த திரை வரும். எங்கே தட்ட வேண்டும் என்று மின்னிக் காட்டும் புள்ளி ஹாட்ஸ்பாட். அதன் பக்கத்தில் முக்கோண முனையோடு வரும் குறிப்புப் பெட்டி கால்அவுட். மற்ற இடங்களை இருட்டாக்கி ஓர் இடத்தை மட்டும் வெளிச்சமாக விட்டால் அது ஸ்பாட்லைட். திரையின் நடுவில் எதையும் சுட்டாமல் வரும் பெரிய பெட்டி மோடல்.

1. ஒரு டெமோவுக்கு ஒரு வேலை

ஆப்பில் நாற்பது வசதிகள் இருக்கலாம். டெமோவில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அது "பால் வாங்கி பில் போடுவது". ஸ்டாக் அறிக்கை, கடன் கணக்கு, ரப்பர் ஷீட் கொள்முதல் எல்லாம் வேறு வேறு டெமோக்கள்.

வேலையைத் தேர்ந்ததும் உடனே ரெக்கார்ட் செய்ய உட்காராதீர்கள். அந்த ஆப்பைப் பார்த்தே இராத மூன்று பேரிடம் போனைக் கொடுத்து, "ஒரு பில் போடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். விரல் தயங்கும் இடத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்ய நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்படிப் பார்த்தபோது பெயர் போடும் இடத்தில் யாருமே தயங்கவில்லை. நானோ அதற்கு ஒரு பெரிய கால்அவுட் எழுதி வைத்திருந்தேன். மூன்று பேரும் நின்றது டி.ஆர்.சி. கட்டத்தில்.

காரணம் இதுதான். பாலை அதன் மொத்த எடைக்கு வாங்குவதில்லை. அதில் உள்ள உலர் ரப்பரின் அளவுக்குத்தான் விலை. ஒரு பேச்சுக்கு, 40 கிலோ பால், டி.ஆர்.சி. 35 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 14 கிலோ. கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் 2,520 ரூபாய். கட்டத்தில் 35 என்று போட வேண்டுமா, 0.35 என்று போட வேண்டுமா என்பதுதான் அவர்களுடைய தயக்கம். 0.35 என்று போட்டுவிட்டால் கணக்கு 25 ரூபாய் 20 பைசாவில் வந்து நிற்கும். ஆக, அந்தத் திரையில் தேவைப்பட்ட கால்அவுட் "இங்கே டி.ஆர்.சி. அளவை உள்ளிடவும்" என்பது அல்ல, "35 சதவீதம் என்றால் 35 என்று போடுங்கள். புள்ளி வேண்டாம்" என்பதுதான். கடையில் நின்று பார்க்காமல் இந்த வரியை நான் எழுதியிருக்க முடியாது.

2. போலித் தகவலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

டெமோவில் உண்மையான வாடிக்கையாளரின் பெயர், போன் எண், வங்கி விவரம் எதுவும் வரக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறிவிட்டது என்பது ஒரு பக்கம். அதைவிட, நம்மை நம்பிக் கணக்கைக் கொடுத்தவரின் வரவு செலவை ஊர் பார்க்க வைப்பது தவறு.

"பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம்" என்ற எண்ணம் வேண்டாம். பக்கத்தைப் படமாக இல்லாமல் எச்டிஎம்எல் நகலாக, அதாவது அதன் குறியீட்டோடு சேர்த்துப் பிடிக்கும்போது, மேலே போடும் மங்கல் வெறும் திரைச்சீலையாக மட்டும் இருக்கக்கூடும். அடியில் எழுத்து அப்படியே இருக்கும், பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறக்கத் தெரிந்தவர் படித்துவிடலாம். படத்தில் எண்களைக் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் பாதுகாப்பில்லை. எண்கள் மொத்தம் பத்துதான் என்பதால் சிதைந்த வடிவத்திலிருந்து ஊகிக்க முடியும். மறைத்தே ஆக வேண்டுமென்றால் ஒற்றை நிறப் பெட்டியால் முழுக்க மூடுங்கள். அதைவிட நல்லது, ஒரு டெமோ கணக்கு திறந்து அதில் கற்பனைப் பெயர்களை இட்டு வைப்பது.

கற்பனை என்றாலும் நம்பும்படி இருக்கட்டும். 1,000 கிலோ, 10,000 ரூபாய் என்று முழு எண்களாகவே இருந்தால் கடைக்காரருக்கு அது பொம்மைக் கணக்காகத் தெரிகிறது. 38.5 கிலோ, டி.ஆர்.சி. 34 என்று இருந்தால்தான் தன் கடை பில் போலப் பார்ப்பார்.

3. எதை வைத்துச் செய்வது

மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, ஸ்கிரீன்ஷாட்களை வரிசையாக அடுக்கி மேலே ஹாட்ஸ்பாட் வைப்பது. எளிது, எடை குறைவு, எந்தப் போனிலும் ஓடும். இரண்டாவது, பக்கத்தையே எச்டிஎம்எல் நகலாகப் பிடிப்பது. இதில் எழுத்தைப் பின்னால் திருத்தலாம், பார்க்கிறவர் கட்டத்தில் தட்டச்சு செய்வது போன்ற அனுபவமும் தரலாம். ஆனால் கனமானது, சில பக்கங்கள் சரியாகப் பிடிபடாது. மூன்றாவது, உண்மையான ஆப்பின் மேலேயே குறிப்புகளை ஓடவிடுவது. டிரைவர்.ஜேஎஸ் என்ற சிறிய நிரல் நூலகம் இதற்கு நன்றாக இருக்கிறது. எம்ஐடி உரிமத்தில் வருவதால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். நிரல் எழுதத் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வழிகளுக்கும் சூப்பாடெமோ, ஸ்டோரிலேன், ஆர்கேட், நவாட்டிக் போன்ற சேவைகள் இருக்கின்றன. வேலை செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: குரோம் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, ரெக்கார்ட் அழுத்தி, வழக்கம்போல ஆப்பில் வேலை செய்தால் ஒவ்வொரு கிளிக்கும் ஒரு படியாகப் பதிவாகிவிடும். பணம் கட்டும் முன், இலவசத் திட்டத்தில் எத்தனை டெமோ வைக்கலாம், அவர்களுடைய லோகோ வருகிறதா, படங்களைத் தரவிறக்கிக்கொள்ள முடியுமா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு எச்5பி என்ற திறமூலக் கருவி உண்டு. படத்தின் மேல் ஹாட்ஸ்பாட் வைப்பதற்கும், வீடியோவை இடையில் நிறுத்திக் கேள்வி கேட்பதற்கும் அதிலேயே வசதி இருக்கிறது.

என் பரிந்துரை: முதல் டெமோவை ஸ்கிரீன்ஷாட் வழியிலேயே செய்யுங்கள். கருவியைக் கற்றுக்கொள்வதில் போகும் நேரத்தைக் குறிப்பு எழுதுவதில் செலவிடலாம்.

4. பிடிக்கும்போது கவனிக்க வேண்டியவை

உங்கள் டெமோவை யார், எதில் பார்ப்பார்கள்? எங்கள் மாவட்டத்தில் இணைப்பு போவது வாட்ஸ்அப்பில். பார்ப்பது போனில். இதை மறந்து லேப்டாப் திரையை அப்படியே பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1366 பிக்சல் அகலத் திரையில் 14 பிக்சல் உயரத்தில் இருந்த எழுத்து, 360 பிக்சல் அகலப் போனில் நான்கு பிக்சலுக்கும் கீழே சுருங்கிவிடும். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். கண்ணாடி போட்ட அண்ணாச்சியும் படிக்க முடியாது.

அதனால் ஆப் போனில் ஓடுவதாக இருந்தால் போன் அளவிலேயே பிடியுங்கள். குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை போன் வடிவத்துக்கு மாறும். கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும் ஆப் என்றால் முழுத் திரையையும் காட்டாமல், வேலை நடக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் ஜூம் வசதியை ஒவ்வொரு படியிலும் பயன்படுத்துங்கள்.

மற்றபடி, ஜன்னல் அளவைத் தொடக்கம் முதல் கடைசி வரை மாற்றாதீர்கள். புக்மார்க் பட்டியை மூடி, நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் பிறகு பக்கம் முழுதாக வந்து சேரும் வரை காத்திருங்கள். பாதி வந்த பக்கம் படியாகப் பதிவாகிவிட்டால் பின்னால் அதற்கு மட்டும் மறுபடி உட்கார வேண்டியிருக்கும்.

5. கால்அவுட் எழுதுவது

பாதி உழைப்பை இங்கே போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தமிழில் வினை கடைசியில் வரும். இது கால்அவுட்டுக்கு ஒரு சிக்கல். "மேலே வலது மூலையில் உள்ள பட்டியலில் இருந்து பால் தந்தவரின் பெயரை அழுத்தவும்" என்று எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். போனில் அந்தக் கடைசிச் சொல் மூன்றாவது வரிக்குப் போய்விடும். வாக்கியத்தைச் சிறிதாக்குவதுதான் இதற்கு வழி. "பெயரைத் தட்டுங்கள்." அம்புக்குறி இடத்தைக் காட்டிவிடுவதால் "மேலே", "வலது மூலையில்" எல்லாம் தேவையே இல்லை. ஒரு கால்அவுட்டுக்கு ஏழெட்டுச் சொல், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் அது இரண்டு படிகள் என்று அர்த்தம்.

முதல் வரியில் செய்ய வேண்டியது. தேவைப்பட்டால் மட்டும் இரண்டாவது வரியில் ஏன் என்பது. "விலையை மாற்றலாம். இன்றைய விலை தானாக வந்திருக்கும்." அவ்வளவு போதும்.

தொழிலில் புழங்கும் சொல்லையே எழுதுங்கள். ரப்பர் கடையில் டி.ஆர்.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை "உலர் ரப்பர் உள்ளடக்கம்" என்று மொழிபெயர்த்தால் முப்பது வருடமாகத் தொழில் செய்பவருக்கும் புரியாது. சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டி உறைந்த ரப்பரான ஒட்டுப்பாலை ஒட்டுப்பால் என்றே எழுதுங்கள். திரையில் பொத்தானின் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் கால்அவுட்டிலும் இருக்க வேண்டும். பொத்தானில் "சேவ்" என்று இருக்க, குறிப்பில் "சேமி" என்று எழுதினால் விரல் தேட ஆரம்பித்துவிடும்.

"வாழ்த்துகள்! அருமை!" என்று ஒவ்வொரு படிக்கும் பாராட்டு எழுதாதீர்கள். அது படிக்கிறவரின் நேரத்தை வாங்கிக்கொள்கிறது.

இனி வடிவம். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் கேட்கும். கால்அவுட் பெட்டியின் அகலம் குறைந்தது 240 பிக்சலாவது இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் "தேர்ந்தெடுக்கப்பட்ட" போன்ற சொற்கள் வெளியே வழியும். எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வரி உயரம் 1.6 வையுங்கள். நெருக்கினால் மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் அலங்காரம் தமிழுக்கு ஆகாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், திரையில் தெளிவாக இருக்கும். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

6. கால்அவுட் எங்கே நிற்க வேண்டும்

குலசேகரத்தில் நடந்த தவறு இந்த இடத்தில்தான். போனை வலது கையில் பிடிப்பவரின் கட்டைவிரல் திரையின் வலது கீழ்ப் பகுதியை மறைத்துக்கொண்டிருக்கும். ஆகவே தட்ட வேண்டிய இடம் கீழே இருந்தால் குறிப்பை அதற்கு மேலே வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும், அடுத்துத் தட்ட வேண்டிய கட்டத்தையோ, கணக்கு மாறுவது தெரியும் கட்டத்தையோ கால்அவுட் மூடக் கூடாது. விலை போட்டதும் கீழே மொத்தத் தொகை மாறுகிறது என்பதுதான் அந்தத் திரையின் அழகே. அதன் மேல் பெட்டியை வைத்தால் என்ன பயன்?

இடத்தைப் பிக்சலில் குறிக்காமல் சதவீதத்தில் குறியுங்கள். 1280 பிக்சல் அகலப் படத்தில் பொத்தான் 960-ஆவது பிக்சலில் இருந்தால், அது இடமிருந்து 75 சதவீதம். படம் போனில் சுருங்கினாலும் 75 சதவீதம் 75 சதவீதம்தான். 960 பிக்சல் என்று எழுதியிருந்தால் புள்ளி திரைக்கு வெளியே போயிருக்கும். சேவைகளைப் பயன்படுத்தும்போது இதை அவையே பார்த்துக்கொள்ளும். சொந்தமாகச் செய்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல்தன்மை நெறிமுறை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் செய்வதற்கான வழிமுறை), தட்டும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. அது அடிமட்ட அளவு. பால் கறை காய்ந்த விரலோடு போனைத் தொடுபவருக்கு 44, 48 என்று தாராளமாகக் கொடுங்கள். அதே நெறிமுறைப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற அளவிலாவது நிற வேறுபாடு வேண்டும். மஞ்சள் பெட்டியில் வெள்ளை எழுத்து இந்தக் கணக்கில் தேறாது, வெளியில் வெயிலில் நின்று பார்ப்பவருக்கும் தெரியாது.

ஸ்பாட்லைட்டை ஒரு டெமோவில் ஓரிரு இடங்களில் மட்டும் வையுங்கள். திரை ஒவ்வொரு முறையும் இருண்டு வெளுத்தால் கண் சோர்ந்துவிடும். எங்கள் டெமோவில் டி.ஆர்.சி. கட்டத்துக்கு மட்டும்தான் ஸ்பாட்லைட். மோடல் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று.

7. வீடியோ, அசையும் படம், குரல்

அசைவும் ஒலியும் எங்கே உண்மையில் தேவை என்று கேட்டுக்கொண்டுதான் மீடியா சேர்க்க வேண்டும். பெயரைத் தட்டுவதற்கு வீடியோ எதற்கு? ஆனால் டி.ஆர்.சி. அளக்கும் மெட்ரோலாக் மிதவையைப் பாலில் விட்டு, அது ஆடி நின்ற பிறகு எந்தக் கோட்டைப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லில் விளக்குவது கஷ்டம். அதற்குப் பத்து வினாடி வீடியோ வைத்தோம். தராசிலிருந்து எடை புளூடூத் வழியாக ஆப்பில் வந்து விழுவதற்கு இன்னொன்று. மொத்த டெமோவுக்கும் அந்த இரண்டுதான்.

அசையும் படம் என்றதும் பலரும் ஜிஃப்புக்குப் போகிறார்கள். ஜிஃப்பில் ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்கள்தான், ஆனால் கோப்போ பெருத்துவிடும். அதே காட்சியை ஒலியில்லாத எம்பி4 ஆக வைத்தால் பெரும்பாலும் பல மடங்கு சிறியதாக இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் எச்.264 என்ற வீடியோ வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் சேர்க்கும்போது மூன்று அமைப்புகளைக் கொடுக்க மறக்காதீர்கள்: ஒலி அணைந்திருக்க வேண்டும், திரும்பத் திரும்ப ஓட வேண்டும், இருக்கும் இடத்திலேயே ஓட வேண்டும். கடைசி அமைப்பு இல்லையென்றால் ஐபோனில் வீடியோ முழுத் திரைக்குத் தாவி டெமோவையே மறைத்துவிடும். ஐந்து வினாடிக்கு மேல் தானாக ஓடும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் வேண்டும் என்பதும் அணுகல்தன்மை நெறிமுறையில் உள்ளது. போனில் அசைவைக் குறைக்கும் அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு ஹாட்ஸ்பாட்டின் துடிப்பையும் நிறுத்திவிடுங்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

கோப்பின் எடையைப் பற்றி ஒரு கணக்கு. வினாடிக்கு ஒரு மெகாபிட் வேகம் என்பது 125 கிலோபைட். ஆறு மெகாபைட் ஜிஃப் ஒன்று அந்த வேகத்தில் இறங்க 48 வினாடி ஆகும். பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கம் தோட்டத்துக்குள் நின்று பார்ப்பவருக்கு அந்த வேகம் கிடைத்தாலே பெரிது. நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு: ஒரு ஸ்கிரீன்ஷாட் வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 100 கிலோபைட்டுக்குள், ஒரு வீடியோ 800 கிலோபைட்டுக்குள், முதல் திரை வந்து நிற்பதற்கு மொத்தம் 300 கிலோபைட்டுக்குள். படங்களைச் சுருக்க ஸ்க்வூஷ் என்ற தளம் போதும். வீடியோவுக்கு ஒரு முகப்புப் படம் கொடுத்து, அந்தப் படி வரும்போது மட்டும் இறங்கும்படி வையுங்கள்.

சரி, குரல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் மிகப் பிடித்த பகுதி. எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களும், வேலைக்கு நடுவே காதை மட்டும் கொடுக்கக்கூடியவர்களும் நம்முடைய பயனர்களில் நிறையப் பேர். முதலில் கம்ப்யூட்டர் குரலில் வைத்தோம். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் "அளவினை உள்ளீடு செய்யவும்" என்று அது படித்தபோது கடைக்காரர் போனைத் தூர வைத்துவிட்டார். பிறகு திருவட்டார்க்காரர் ஒருவரைப் பேச வைத்தோம். "முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சுன்னே போடுங்க, புள்ளி ஒண்ணும் வேண்டாம்" என்று அவர் சொன்னதைக் கேட்டதும் புரிந்துவிட்டது. பெட்டியில் எழுத்துத் தமிழ், காதில் பேச்சுத் தமிழ். இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்கின்றன.

பதிவு செய்யப் பெரிய மைக் தேவையில்லை. போனே போதும், அறைதான் முக்கியம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கிவிடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரையில் மழை விழும் நாளில் பதிவை ஒத்திவைப்பதுதான் நல்லது. பேசத் தொடங்கும் முன் மூன்று வினாடி சும்மா இருங்கள். அந்த மௌனத்தை மாதிரியாகக் காட்டினால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தக் கருவியில் பின்னணி இரைச்சலைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு படிக்குப் பத்து வினாடிக்கு மேல் பேச வேண்டாம். ஒவ்வொரு படியையும் தனிக் கோப்பாகப் பதியுங்கள். பின்னால் ஒரு திரை மாறினால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பேசலாம்.

குரல் தானாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயனர் பக்கத்தைத் தொடும் முன் ஒலியோடு தானாக ஓடுவதைக் குரோம் 2018 முதலே பெரும்பாலும் தடுக்கிறது. ஆகவே தொடக்க மோடலில் "குரலோடு பார்க்க", "குரல் இல்லாமல் பார்க்க" என்று இரண்டு பொத்தான் வைத்தோம். தட்டிய உடன் அனுமதி கிடைத்துவிடுகிறது. பேருந்தில் இருந்து பார்ப்பவருக்கும் சங்கடமில்லை. வீடியோவில் பேச்சு இருந்தால் தமிழ் வசன வரிகளை வெப்விடிடி (WebVTT) என்ற வகைக் கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். படங்களுக்கு மாற்று விவரம் எழுதும்போதும் தமிழிலேயே எழுதி, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதைத் தமிழாகப் படிக்கும்.

8. பொருளின் படத்திலும் இதைச் செய்யலாம்

சாஃப்ட்வேருக்கு மட்டுமான உத்தி இல்லை இது. வடசேரி கோயில் நகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு பெற்றவை. பரதநாட்டியம் ஆடுபவர்கள் எங்கெங்கோ இருந்து வாங்குகிறார்கள். முழு செட்டின் படத்தைப் போட்டு விலை எழுதினால், நெற்றிச்சுட்டி எது, ராக்கொடி எது என்று முதல்முறை வாங்கும் தாய்க்குத் தெரியாது. அணிந்த நிலையில் எடுத்த ஒரு படத்தில் ஒவ்வொரு நகைக்கும் ஹாட்ஸ்பாட் வைத்து, தட்டினால் பெயரும் அருகாமைப் படமும் வரும்படி செய்யலாம்.

இங்கே கை நிற்கும் இடம் எது தெரியுமா? சூரியனும் சந்திரனும். தலையின் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன் அணிவது வழக்கம். படத்தில் இருப்பவரோ நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலம் நமக்கு இடம். படத்தைப் பார்த்தபடியே கண்ணாடி முன் நின்று குழம்புபவர்கள் உண்டு. "அணிபவரின் வலப்பக்கம்" என்று ஒரே ஒரு கால்அவுட், கூடவே பின்புறமிருந்து எடுத்த ஒரு படம். குழப்பம் தீர்ந்தது. கெம்புக் கல்லின் மினுக்கம் நிலைப்படத்தில் வராது என்பதால், நகையை மெல்லத் திருப்பும் ஆறு வினாடி வீடியோ அங்கே தகும்.

9. கிளைகள், பொத்தான்கள், இணைப்பு

பார்ப்பவர்கள் இரண்டு வகை என்றால் தொடக்கத்திலேயே கேட்டு, அவரவருக்கான டெமோவுக்கு அனுப்பிவிடுங்கள்: "பால் வாங்குகிறீர்களா, ஷீட் வாங்குகிறீர்களா?" ஷீட்காரருக்கு டி.ஆர்.சி. திரை தேவையில்லை, அவருக்குத் தரம் போடும் திரை வேண்டும். இரண்டுக்கு மேல் கிளை பிரித்தால் பராமரிக்க முடியாது.

பெயர், போன் எண் கேட்கும் படிவத்தை முதல் திரையில் வைக்காதீர்கள். பொருளையே காட்டாமல் எண்ணைக் கேட்டால் யார் தருவார்கள்? முடிவில், "என் கடைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்" என்று ஒரு பொத்தான் வைத்து அதை வாட்ஸ்அப் உரையாடலுக்குக் கொண்டுபோனோம். செய்தி முன்கூட்டியே எழுதப்பட்டு வரும். அவர் அனுப்பு என்பதை மட்டும் தட்டினால் போதும்.

இணைப்பை வாட்ஸ்அப்பில் போடும்போது வரும் முன்னோட்டப் படத்தையும் கவனியுங்கள். 1200க்கு 630 பிக்சல் அளவில், டெமோவின் ஒரு திரையும் "பால் பில் போடுவது எப்படி" என்ற நான்கு சொல்லும் போதும். உங்கள் தளத்தில் டெமோவைப் பதிக்கும்போது அது ஓடும் சட்டகத்தின் உயர அகல விகிதத்தைப் பூட்டி, முழுத்திரை அனுமதியையும் கொடுத்துவிடுங்கள்.

10. மறுபடியும் கடைக்குப் போங்கள்

முடித்ததும் முதலில் பார்த்த மூன்று பேரை விட்டுவிட்டு, புதிதாக மூன்று பேரிடம் கொடுங்கள். சேவைகளில் எந்தப் படியில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்ற கணக்கு இருக்கும். அது எங்கே என்பதைச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. ஏன் என்பது பக்கத்தில் நின்றால்தான் தெரியும். எங்களுக்கு ஏழாவது படியில் பலர் நின்றுபோனார்கள். போய்ப் பார்த்தால், பில் தொகை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துப் போனை வைத்துவிடுகிறார்கள்! அதற்குப் பிறகு இருந்த பிரிண்ட் படியை ஆறாவது படியின் கால்அவுட்டில் "அடுத்து பில்லை அச்செடுக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி என்று ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள்: திரையின் பெயர், கால்அவுட் வாசகம், குரல் கோப்பு, கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஆப்பில் புதுப் பதிப்பு வரும்போது எந்தெந்தப் படி மாறுகிறது என்பது அதைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் மாற்றி, ஹாட்ஸ்பாட்டை அப்படியே வைத்துக்கொள்ளும் வசதி பல கருவிகளில் உண்டு. ஆனால் பொத்தான் இடம் மாறியிருந்தால் புள்ளி வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். மாற்றிய ஒவ்வொரு படியையும் போனில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

போன தடவை குலசேகரத்துக்குப் போனபோது அந்தக் கடைக்காரர் டெமோவைத் திறக்கவில்லை. ஆப்பிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தார். 38.5, 34, விலை, முடிந்தது. நிமிர்ந்து பார்த்து, "தம்பி, ஒட்டுப்பாலுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க. அதுல கழிவு எங்கயாக்கும் போடணும்னு தெரியல" என்றார். பையிலிருந்து தாளை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.